பரம எதிரி நம் பிரிவுக்குள் வந்தால்

வெள்ளவத்தைக் கால்வாயின் கரையில், காலி வீதியோரமாக நிற்கும் புனித பேதுரு கல்லூரி தனிக் கல்லூரியாகப் பிறக்கவில்லை. 1922 ஜனவரியில் அதன் கதவு திறந்தபோது, மருதானைப் பக்கம் டார்லி வீதியிலுள்ள புனித சூசையப்பர் கல்லூரியின் தென்கிளையாகவே அது அறியப்பட்டது. அன்று சூசையப்பரின் அதிபராக இருந்தவர் மொரிஸ் லெ கொக் என்ற பிரெஞ்சுப் பாதிரியார். தன் பாடசாலையில் பிள்ளைகள் நிரம்பி வழிந்ததால், தெற்கே வளர்ந்துகொண்டிருந்த கொழும்புக்கு ஒரு கிளையைக் கொண்டுபோனார். 1930களில் அந்தக் கிளை தாய்ப் பாடசாலைக்கு எதிராகவே மட்டையோடு மைதானத்தில் இறங்கியது. இன்று அந்த ஆட்டம் ‘புனிதர்களின் சமர்’. பையன்களுக்கு அது ‘ஜோ–பீற்’. கிரிக்கெட் பெருஞ்சமரின் கிண்ணம் லெ கொக் அடிகளாரின் பெயரிலும், மட்டுப்படுத்தப்பட்ட ஓவர் ஆட்டத்தின் கிண்ணம் பீற்றர் பிள்ளை அடிகளாரின் பெயரிலும் இருக்கின்றன. பீற்றர் பிள்ளை 1940 முதல் 1955 வரை சூசையப்பர் கல்லூரியை நடத்திய தமிழர். அக்குவைனாஸ் கல்லூரியை நிறுவியவரும் அவர்தான்.

இந்த இரண்டு பாடசாலைகளும் றக்பியில் ஒரே லீக்கில் மோதுகின்றன. ஒவ்வொரு பருவமும் தொடங்கும் முன், பாடசாலைகள் றக்பி லீக்கின் பிரிவுகள் வெளியாகும். அந்த நாளில் வெள்ளவத்தைத் தேநீர்க் கடையிலும், பழைய மாணவர்களின் கைபேசிக் குழுக்களிலும் முதலில் எழும் கேள்வி ஒன்றுதான்: “அவங்களும் எங்கட குறூப்தானா?” கேட்பவர்களில் பாதிப்பேர் ‘ஓம்’ என்ற பதிலை விரும்புகிறார்கள், மீதிப்பேர் அஞ்சுகிறார்கள். பரம எதிரி நம் லீக்குக்குள், நம் பிரிவுக்குள் வருவது நம் அணிக்கு நல்லதா, கெட்டதா? இரண்டு தரப்பிடமும் சரியான காரணம் இருக்கிறது. ஆனால் பெரும்பாலும் இரண்டு தரப்புமே கிண்ணத்தை மட்டும் பார்த்துப் பேசுகின்றன. அதற்கு அப்பாலும் பார்க்க வேண்டியது நிறைய உண்டு.

நம் ஊரில் பாடசாலைப் போட்டிகள் லீக்காகத் தொடங்கவில்லை. இரண்டு பாடசாலைகள் தமக்குள் பேசி, நாள் குறித்து, ஆண்டுதோறும் மோதிக்கொண்டன. றோயல் கல்லூரியும் புனித தோமையார் கல்லூரியும் 1880 முதல் மாணவர் அணிகளாகக் கிரிக்கெட்டில் மோதிவருகின்றன. தோமையார் கல்லூரி அப்போது கல்கிசையில் இல்லை. கொட்டாஞ்சேனைக்கு வடக்கே, முகத்துவாரப் பக்கம் கடலோரமாக இருந்தது. 1918 இல்தான் கல்கிசைக்குப் போனது. அந்த ஆட்டம் எந்த லீக்கின் புள்ளிக்காகவும் ஆடப்படுவதில்லை. தோற்றால் தரவரிசையில் இறங்குவதும் இல்லை, வென்றால் அரையிறுதி கிடைப்பதும் இல்லை. வெற்றிதோல்வியின்றி முடிந்த ஆண்டுகளே அதிகம். ஆனாலும் மார்ச் மாதம் வந்தால் பப்பரே வாத்தியமும் கொடியும் லொறியுமாகக் கொழும்பு வீதிகள் நிறைந்துவிடுகின்றன.

வடக்கிலும் இதே கதைதான். யாழ்ப்பாணம் மத்திய கல்லூரிக்கும் பரி. யோவான் கல்லூரிக்கும் இடையில் 1904 இல் தொடங்கிய ‘வடக்கின் பெரும் போர்’, புனித பத்திரிசியார் கல்லூரிக்கும் வட்டுக்கோட்டை யாழ்ப்பாணக் கல்லூரிக்கும் இடையிலான ‘பொன் அணிகளின் போர்’ எல்லாம் எந்தப் புள்ளிப் பட்டியலும் இல்லாமல் தலைமுறைகளைக் கடந்து நிற்பவை.

றக்பியில் இன்னும் நுட்பமான ஓர் ஏற்பாடு இருக்கிறது. றோயலும் கண்டித் திரித்துவக் கல்லூரியும் 1920 முதல் மோதுகின்றன. 1945 இல் றோயல் அதிபர் பிராட்பி கொடுத்த கேடயத்துக்காக இவை ஆண்டுக்கு இரண்டு முறை, ஒன்று கொழும்பிலும் மற்றது கண்டியிலுமாக ஆடுகின்றன. இரண்டு ஆட்டங்களின் புள்ளிகளையும் கூட்டித்தான் கேடயம் யாருக்கு என்று முடிவாகும். முதல் ஆட்டத்தில் தோற்றவனுக்கும் இரண்டாவது வாய்ப்பு உண்டு. எதிரியோடு நாம் வைத்துக்கொள்ளும் உறவுக்கு என்றே செய்யப்பட்ட அமைப்பு இது. லீக்கின் அட்டவணையால் இதைத் தர முடியாது. அங்கே ஒரு முறைதான் ஆட்டம், தோற்றால் அந்தப் பருவத்துக்கு அவ்வளவுதான்.

எனவே கேள்வியைக் கூர்மைப்படுத்த வேண்டும். எதிரியோடு மோதுவது நல்லதுதான், அதில் யாருக்கும் சந்தேகம் இல்லை. அந்த மோதல் லீக் புள்ளிக் கணக்குக்குள் வரும்போது என்ன நடக்கிறது என்பதே கேள்வி.

இதற்கு அமெரிக்காவில் அண்மையில் ஒரு பெரிய சோதனை நடந்தது. அங்கே பல்கலைக்கழக ஃபுட்போல் என்பது நம் உதைபந்தாட்டம் அல்ல, றக்பியின் வழிவந்த முரட்டு ஆட்டம். டெக்ஸாஸ் பல்கலைக்கழகமும் டெக்ஸாஸ் ஏ அன்ட் எம் பல்கலைக்கழகமும் ஒரே மாநிலத்துப் பரம எதிரிகள். 1894 இல் தொடங்கிய அவர்களின் ஆட்டம் 2011 உடன் நின்றுபோனது. ஏ அன்ட் எம், டெக்ஸாஸின் நிழலிலிருந்து விலகி, 2012 இல் எஸ்ஈசி என்ற தென்கிழக்கு லீக்கில் சேர்ந்துகொண்டது. முதல் பருவத்திலேயே 11 வெற்றி, 2 தோல்வி. அதன் இளம் வீரர் ஜானி மான்ஸீல் அந்த நாட்டின் மிக உயர்ந்த தனிநபர் விருதான ஹைஸ்மனை வென்றார். அதைவிடப் பெரிய ஆதாயம் வேறு இடத்தில் கிடைத்தது. டெக்ஸாஸ் மாநிலத்தில் ஓர் உயர்பாடசாலைப் பையனின் வீட்டுக்குப் போய், “சொந்த மாநிலத்திலேயே இருந்துகொண்டு நாட்டின் மிகக் கடுமையான லீக்கில் ஆட வேண்டுமா? எங்களிடம் மட்டும்தான் முடியும்” என்று அவர்களால் சொல்ல முடிந்தது.

2021 இல் டெக்ஸாஸும் ஒக்லஹோமா பல்கலைக்கழகமும் அதே லீக்குக்கு வருகின்றன என்ற செய்தி வெளியானதும், ‘எங்களிடம் மட்டும்’ என்ற அந்த வார்த்தை பறிபோனது. 2024 நவம்பர் 30 அன்று, 13 ஆண்டுகளுக்குப் பின் இரண்டு அணிகளும் ஏ அன்ட் எம்மின் சொந்த மைதானத்தில் மோதின. ஒரு லட்சத்துக்கும் அதிகமானோர் பார்த்திருக்க, டெக்ஸாஸ் 17–7 என்று வென்றது. அன்று வென்றவருக்குத்தான் லீக்கின் இறுதிப்போட்டி. ஏ அன்ட் எம்மிடமிருந்து அந்த இடத்தைப் பறித்தவன், அவர்கள் 12 ஆண்டுகளுக்கு முன் விட்டுவிட்டு வந்த அதே பழைய எதிரி. மைதானம் நிறைந்தது, ஊர் கொண்டாடியது, தொலைக்காட்சி வருமானம் பெருகியது. ஆனால் ஏ அன்ட் எம் அணி ஓர் இறுதிப்போட்டியை இழந்தது. எதிரி வருவது அஞ்சத்தக்கது என்று சொல்கிறவர்களுக்கு இதைவிட வலுவான சான்று வேண்டியதில்லை.

எதிரி இல்லாமல் போனால் என்ன ஆகும் என்பதையும் பார்க்க வேண்டும். ஸ்கொட்லாந்தின் கிளாஸ்கோ நகரில் செல்டிக், ரேஞ்சர்ஸ் என்ற இரண்டு உதைபந்தாட்டக் கழகங்கள் ஒரு நூற்றாண்டுக்கும் மேலாக மோதிக்கொள்கின்றன. ஒன்று கத்தோலிக்கர்களின் கழகம், மற்றது புரட்டஸ்தாந்தினரின் கழகம் என்று ஊரே பிரிந்து நிற்கும். 2012 இல் ரேஞ்சர்ஸை நடத்திவந்த நிறுவனம் கடனில் மூழ்கியது. கழகம் நான்காம் நிலை லீக்கில் மீண்டும் தொடங்க நேர்ந்தது. அடுத்த நான்கு பருவங்களிலும் லீக் கிண்ணம் செல்டிக்குக்கே. கிண்ண அலுமாரியை மட்டும் பார்த்தால் செல்டிக்குக்கு அது பொற்காலம்.

ஆனால் அரங்கின் கதிரைகள் காலியாகின. ஐரோப்பியக் கிண்ணத்தின் தகுதிச் சுற்றுகளில் 2014 இல் ஸ்லோவேனியாவின் மாரிபோரிடமும், 2015 இல் சுவீடனின் மால்மோவிடமும் தோற்று வெளியேறினார்கள். 2016 ஏப்ரலில் ஸ்கொட்டிஷ் கிண்ண அரையிறுதி வந்தது. அப்போதும் இரண்டாம் நிலை லீக்கிலேயே ஆடிக்கொண்டிருந்த ரேஞ்சர்ஸ் செல்டிக்கைப் பெனால்டியில் வீழ்த்தியது. அடுத்த சில நாட்களில் செல்டிக்கின் முகாமையாளர் ரொனி டெய்லா, பருவ முடிவில் தான் விலகுவதாக அறிவித்தார். அதன்பின் பிரெண்டன் ரொஜர்ஸ் வந்தார். ரேஞ்சர்ஸ் மேல் லீக்குக்குத் திரும்பிய அதே 2016–17 பருவத்தில் செல்டிக் லீக்கில் ஓர் ஆட்டத்திலும் தோற்கவில்லை. 34 வெற்றி, 4 சமநிலை, 106 புள்ளி. எதிரி இல்லாத நான்கு ஆண்டுகளில் சேராத உரம், அவன் திரும்பிவந்த ஆண்டில் சேர்ந்தது.

டெக்ஸாஸையும் கிளாஸ்கோவையும் பக்கம் பக்கமாக வைத்துப் பார்த்தால் எனக்குத் தெரிவது இதுதான். எதிரி வந்த முதல் ஆண்டின் வெற்றிதோல்வியை வைத்துத் தீர்ப்புச் சொல்லக் கூடாது. எதிரி வருகிறான் என்பதற்காக நிர்வாகம் என்ன செய்தது என்பதே முக்கியம். செல்டிக் விழித்துக்கொண்டு பயிற்சியாளரை மாற்றியது, வீரர்களின் உடற்தகுதியில் கை வைத்தது. அந்த அரையிறுதித் தோல்வி வராமல் இருந்திருந்தால் அவர்கள் அசைந்திருக்கமாட்டார்கள் என்பது என் உறுதியான எண்ணம்.

இனி கொழும்புக்கு வருவோம். பாடசாலை றக்பியில் எதிரி ஒரே பிரிவில் இருக்கும்போது அணிக்குள் என்ன நடக்கிறது என்பதை மைதான ஓரத்தில் நின்று பார்க்கிறவர்கள் அறிவார்கள். ஜோ–பீற் வாரத்தில் பையன்கள் பயிற்சிக்குப் பிந்துவதில்லை. காயம் பட்டவன் கட்டுப்போட்டுக்கொண்டு வருகிறான். பழைய மாணவர்கள் சாப்பாட்டுக்கும், சப்பாத்துக்கும், பயிற்சியாளரின் சம்பளத்துக்கும் பணம் திரட்டுகிறார்கள். சாதாரண லீக் ஆட்டத்துக்கு வராத பெற்றோர் அன்றைக்கு வருகிறார்கள். இத்தனையும் அணிக்கு உதவிதான். ஆனால் அடுத்த வாரமும் லீக்கில் ஓர் ஆட்டம் இருக்கிறது. தோளும் முழங்காலும் நொந்துபோன, மனம் தீர்ந்துபோன பதினெட்டு வயதுப் பையன்கள் அந்த ஆட்டத்தில் சறுக்குவதைப் பருவத்துக்குப் பருவம் பார்க்கிறோம். எதிரியை வென்ற வாரத்துக்கு அடுத்த வாரமே ஆபத்தான வாரம். மாற்று வீரர்கள் போதியளவு உள்ள பாடசாலை இதைத் தாங்கும். பதினைந்து பேரையே தட்டுத்தடுமாறிச் சேர்க்கும் பாடசாலைக்கு இது பெரிய பாரம்.

லீக்கை எதிர்ப்பவர்களிடம் நான் கேட்க விரும்பும் கேள்வி ஒன்று உண்டு. நூறு வருடத்துப் பரம எதிரி இல்லாத பாடசாலை எங்கே போகும்? வெள்ளவத்தையிலிருந்து நடந்துபோகும் தூரத்தில், ஹவ்லொக் டவுனில் இருக்கும் இசிபத்தன கல்லூரி 1952 இல் கிரீன்லண்ட்ஸ் கல்லூரி என்ற பெயரில் தொடங்கியது. றோயலும் திரித்துவமும் அதற்கு முப்பது ஆண்டுகளுக்கு முன்பே தமக்குள் றக்பி நாள் குறித்துக்கொண்டவை. பெரிய பாடசாலைகள் தமக்குள் ஆடும் சிநேகபூர்வ ஆட்டங்கள் மட்டுமே இருந்திருந்தால், இசிபத்தனவின் பச்சை ஜேர்சிக்காரர்கள் அந்தக் கூட்டத்துக்கு வெளியில் நின்று வேடிக்கை பார்த்திருப்பார்கள். அட்டவணை போட்டு, எல்லோரும் எல்லோரையும் சந்தித்தாக வேண்டும் என்ற ஏற்பாடுதான் அவர்களுக்குக் கதவைத் திறந்தது. இன்று இந்நாட்டுப் பாடசாலை றக்பியைப் பற்றி இசிபத்தனவின் பெயரைச் சொல்லாமல் பேச முடியாது. இசிபத்தன உள்ளே வந்ததால் பழைய பாடசாலைகள் நலிந்துபோகவில்லை, அவற்றின் ஆட்டமும் வேகம் பிடித்தது.

பெண்கள் பாடசாலைகளுக்கும் இதுவே பொருந்தும். வெள்ளவத்தை சைவ மங்கையர் வித்தியாலயத்துக்கோ கொட்டாஞ்சேனை நல்லாயன் மகளிர் பாடசாலைக்கோ ஊர்வலமும் பப்பரேயும் வைத்து நூற்றாண்டு கொண்டாடும் பெருஞ்சமர் கிடையாது. அங்கே வலைப்பந்து ஆடும் பிள்ளைக்கு லீக்கும் வலயப் போட்டியும்தான் ஒரே வழி. எதிரியைக்கூட அட்டவணைதான் அவளுக்குக் கொடுக்க வேண்டும்.

இப்போது கொட்டாஞ்சேனை. புனித லூசியாள் பேராலயத்துக்குப் பக்கத்தில் நிற்கும் புனித பெனடிக்ற் கல்லூரி, சூசையப்பர் கல்லூரியைவிட ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் மூத்தது. 1960களின் தொடக்கத்தில் அரசாங்கம் உதவிபெறும் பாடசாலைகளைப் பொறுப்பேற்றபோது, சூசையப்பரையும் பேதுருவையும் போலவே இதுவும் தனியார் பாடசாலையாக நின்றுகொண்டது. துறைமுகத்தை நம்பி வாழ்ந்த குடும்பங்கள், செட்டியார் தெருக் கடைகளில் வேலை பார்த்தவர்கள், தமிழர், சிங்களவர், பறங்கியர் என்று பலதரப்பட்டவர்களின் பிள்ளைகள் ஒன்றாகப் பந்து உதைத்த இடம். மருதானை ஸாஹிராவோடு சேர்த்து, கொழும்புப் பாடசாலை உதைபந்தாட்டத்தில் மரியாதையோடு சொல்லப்படும் பெயர் அது. சுகததாச விளையாட்டரங்கும் அருகிலேயே இருக்கிறது.

இரண்டு பெரிய எதிரிகள் ஒரே லீக்கில் மோதும்போது, அந்த மோதலின் விலையை இப்படிப்பட்ட மூன்றாவது பாடசாலைகளே கொடுக்கின்றன. இதுதான் இந்தக் கட்டுரையின் மையம். ஜோ–பீற் ரசிகர்களுக்கு இது கசக்கலாம், ஆனாலும் சொல்லாமல் விட முடியாது. பெருமைக்கான ஓர் ஆட்டமாக மட்டும் இருந்தவரை, சொந்தப் பிள்ளைகளை வைத்துக்கொண்டு ஆடித் தோற்றாலும் பரவாயில்லை என்று ஒரு பாடசாலை இருக்கலாம். லீக் புள்ளியும், அனுசரணையாளர்களும், நேரலை ஒளிபரப்பும் சேர்ந்தபின் யாருக்கும் அந்தப் பொறுமை இல்லை. க.பொ.த. சாதாரண தரப் பரீட்சை முடிந்ததும், விளையாட்டுத் திறமையைக் காட்டி உயர்தர வகுப்புக்குப் பிள்ளைகளை எடுக்கும் வேட்டை தொடங்குகிறது. சின்னப் பாடசாலையில் பன்னிரண்டு வயதிலிருந்து ஓர் ஆசிரியர் வளர்த்த பையன், பதினாறு வயதில் பெரிய பாடசாலையின் ஜேர்சியோடு மைதானத்தில் இறங்குகிறான். அவனுக்கு அது நல்ல வாய்ப்பு, அதைக் குறை சொல்லமாட்டேன். ஆனால் அவனை வளர்த்த மைதானம் அடுத்த ஆண்டு வெறுமையாகிறது. அந்தப் பாடசாலையின் பதின்மூன்று வயதுப் பையனுக்குப் பார்த்துக் கற்றுக்கொள்ள ஓர் அண்ணன் இல்லாமல் போகிறான். பெரிய பாடசாலையின் உள்ளேயும், ஏழாம் வகுப்பிலிருந்து பயிற்சிக்கு வந்த ஒரு பிள்ளை கடைசி இரண்டு ஆண்டுகளில் பெஞ்சில் உட்கார வேண்டியிருக்கிறது. எதிரியை வெல்வதற்காக நாம் கொடுக்கும் விலை இந்தப் பிள்ளைகள்.

ஏ அன்ட் எம்முக்கு நடந்ததும் அடிப்படையில் இதுதான். ஒரே ஊர்ப் பிள்ளைகளைத் தேடி இரண்டு எதிரிகளும் ஒரே லீக்கின் பெயரால் போகும்போது, மைதானத்தின் போட்டி வீட்டு வாசலுக்கு வந்துவிடுகிறது.

எதிரி ஒரு லீக்கை விட்டுப் போனாலும் சின்னவர்களே வதைபடுகிறார்கள். ஒரே மாநிலத்துப் பல்கலைக்கழகங்களான ஒக்லஹோமாவும் ஒக்லஹோமா ஸ்டேற்றும் 1904 இல் தொடங்கிய மோதலை 2023 நவம்பரோடு நிறுத்திக்கொண்டன. ஒக்லஹோமா, டெக்ஸாஸோடு எஸ்ஈசிக்குப் போய்விட்டது. கடைசி ஆட்டத்தில் ஒக்லஹோமா ஸ்டேற் 27–24 என்று வென்றது. அடுத்த ஆண்டு தன் லீக்கில் அதற்கு ஒரு வெற்றிகூட இல்லை. எதிரி போனதுதான் அதற்குக் காரணம் என்று சொல்ல முடியாது, வேறு கோளாறுகளும் இருந்தன. ஆனாலும் தூக்கி நிறுத்த ஒரு பெரிய நாள் அட்டவணையில் இல்லாத பருவம் அது.

எதிரிகள் எப்போதும் எதிரிகளாகவே இருப்பதும் இல்லை. 1899 இல் றோயல், தோமையார், வெஸ்லி கல்லூரி மாணவர்கள் ஓரணியாகச் சேர்ந்து கிரிக்கெட்டில் கோல்ட்ஸ் கழகத்தை வென்றதிலிருந்துதான் எஸ்எஸ்சி கழகம் பிறந்தது. றோயல்–தோமியன் சமர் இன்று அந்தக் கழகத்தின் மைதானத்திலேயே நடக்கிறது. அதே 1899 இல்தான் தமிழ் யூனியன் கழகமும் தொடங்கியது. வெஸ்லியில் படித்த துடுப்பாட்ட வீரர் சதாசிவம் அந்தக் கழகத்துக்காக ஆடினார். 1947 இல் சேப்பாக்கத்தில் தென்னிந்திய அணிக்கு எதிராக இலங்கைக்காக 215 ஓட்டங்கள் குவித்தார். பாடசாலையில் எதிரெதிரே நின்றவர்கள் கழகத்தில் ஒன்றாக நின்றதால்தான் இந்நாட்டுக் கிரிக்கெட் வளர்ந்தது. நல்ல எதிரியின் பயன் பாடசாலை நாட்களோடு தீர்ந்துபோவதில்லை.

தமிழ்ப் பாடசாலைகளைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். பம்பலப்பிட்டி லோரன்ஸ் வீதியில் 1951 இல் பிள்ளையார் பாடசாலையாகத் தொடங்கிய கொழும்பு இந்துக் கல்லூரிக்கு யாழ்ப்பாணம் இந்துக் கல்லூரியோடு ஒரு கிரிக்கெட் சமர் இருக்கிறது. வெள்ளவத்தைத் தமிழ்க் குடும்பங்களில் பின்னேரம் என்றால் ரியூஷன். பெற்றோரிடம் ‘விளையாடப் போகிறேன்’ என்று சொன்னால் அனுமதி கிடைப்பது அரிது. ‘யாழ்ப்பாணத்தோட மட்ச்’ என்றால் அப்பாவே சப்பாத்து வாங்கித் தருகிறார். எதிரி ஒருவன் இருப்பதால் நம் பிள்ளைக்குக் கிடைக்கும் முதல் நன்மை இது, பயிற்சிக்குப் போக ஒரு நியாயம். ஆண்டுக்கு ஒரு நாள் கிடைக்கும் அந்த நியாயம் பருவம் முழுதும் ஏன் கிடைக்கக் கூடாது?

யாழ்ப்பாணம் புனித பத்திரிசியாரும், இளவாலை புனித ஹென்றியரசரும் உதைபந்தாட்டத்தில் பெயர் பெற்ற பாடசாலைகள். கொட்டாஞ்சேனை பெனடிக்ற் அவர்களுக்குச் சரிசமமான எதிரி. இவர்கள் விலகுமுறைச் சுற்றில் குலுக்கலின் தயவால் எப்போதாவது சந்திப்பதோடு நிற்கக் கூடாது. பருவந்தோறும், கொழும்பில் ஒன்று, வடக்கில் ஒன்று என்று புள்ளிக்காக ஆட வேண்டும். பிராட்பிக் கேடயம் 80 ஆண்டுகளாகக் காட்டும் வழி இது. பயணச் செலவு பெரிய தடைதான். ஆனால் ஒரு பெருஞ்சமர் ஊர்வலத்துக்குப் பழைய மாணவர்கள் திரட்டும் பணத்தில் ஒரு பங்கு இருந்தால் பஸ்ஸும் தங்குமிடமும் வந்துவிடும்.

என் தீர்ப்பைச் சொல்லிவிடுகிறேன். எதிரி நம் பிரிவுக்குள் வரட்டும். அவன் வந்தால் சில ஆண்டுகள் கிண்ணம் கைநழுவும், அதைப் பொறுத்துக்கொள்ளலாம். ஆனால் பெருஞ்சமருக்கென்று உள்ள கிண்ணத்தையும் நாளையும் லீக் அட்டவணைக்குள் கரைத்துவிடக் கூடாது. எந்தப் பிரிவில் யார் இருந்தாலும், ஒருவர் கீழ்ப் பிரிவுக்கு இறங்கினாலும், அந்த ஆட்டம் நடந்தே தீர வேண்டும். பாடசாலை விளையாட்டுச் சங்கங்களும் கல்வி அமைச்சும், சாதாரண தரத்துக்குப் பின் பாடசாலை மாறும் வீரர் ஓர் அணியில் எத்தனை பேர் இருக்கலாம் என்பதற்குக் கண்டிப்பான வரம்பு வைக்க வேண்டும். பிள்ளையை வளர்த்த பாடசாலையின் பெயரும் அணிப்பட்டியலில் அச்சாக வேண்டும்.

கொழும்பிலும் யாழ்ப்பாணத்திலும் உள்ள பழைய மாணவர் சங்கங்களுக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த பருவத்தின் அட்டவணை முடிவாகும் முன், ஒரு முறை ஒன்றாக உட்கார்ந்து பேசுங்கள். பெனடிக்றும் பத்திரிசியாரும், கொழும்பு இந்துவும் யாழ்ப்பாணம் இந்துவும் உதைபந்தாட்டத்தில் சொந்த மைதானத்திலும் எதிரியின் மைதானத்திலும் சந்திக்கும் இரண்டு நாட்களைக் குறியுங்கள். கிண்ணத்துக்கு யார் பெயரை வைப்பது என்பதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.